மூடிய முகவரிக்குப் போன பதினெட்டுக் கடிதங்கள்

மார்ச் 16, திங்கள்

காலையில் தூறல், பத்து மணிக்கு மேல் புழுக்கம். விடியலில் காயப்போட்ட துணி மாலையிலும் ஈரம். ஆக்லாந்தில் மார்ச் மாதம் எப்போதும் இப்படித்தான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

தொழிற்சாலை மூடி இரண்டு வாரத்துக்கு மேல். ஜன்னல் திரை வெட்டிய நீள மேஜைகள் போன வாரமே போய்விட்டன. இவ்வளவு பெரிய கூடத்தில் நானும் முதலாளி கிரெக்கும் மட்டும். மற்றப் பதினெட்டுப் பேருக்கும் பிப்ரவரி 27 கடைசி நாள். சம்பள வேலை பார்க்கிறவள் என்பதால் எனக்கு மட்டும் மார்ச் 27. கிரெக் இருமினால் எதிரொலி கேட்கிறது.

முடிக்க வேண்டியவை:
– வரித்துறைக்குக் கடைசித் தாள்கள்
– பழைய கோப்புகள் கிழிக்க, எட்டுப் பெட்டி
– கெட்டில் யாருக்கு? (எனக்கு. கிரெக்கிடம் இன்னும் கேட்கவில்லை.)
– வேலைக்கு விண்ணப்பம், வாரத்துக்குக் குறைந்தது இரண்டு

வரும் வழியில் மவுண்ட் ரோஸ்கில் சூப்பர்மார்க்கெட். வெங்காயம், தயிர், புருஷன் ஜெ.க்கு ஷேவிங் கிரீம். ரொட்டி வரிசையில் லூபே! தையல் பிரிவில் பன்னிரண்டு வருஷம் இருந்த சமோவாக்காரி. கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். புது வேலை கிடைத்துவிட்டதாம், ஒரு சலவை நிலையத்தில். காலை ஐந்து மணிக்கு ஆரம்பம். அதற்கும் சிரிக்கிறாள். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். மகளுக்குக் காதில் ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், இன்சூரன்ஸும் வேலையோடு போய்விட்டதே, இனி அரசாங்க வரிசையில்தான் காத்திருக்க வேண்டும் என்றாள்.

போகவில்லையே, நான் அனுப்பிய கடிதத்தைப் படிக்கவில்லையா என்றேன்.

எந்தக் கடிதம் என்றாள்.

கடைசி நாள் நாலு ஐம்பதுக்கு எல்லாருக்கும் ஈமெயிலில் அனுப்பினேன். எல்லாருடைய கம்பெனி முகவரிக்கும். அந்த முகவரிகளை ஐந்து மணிக்கு மூடச் சொல்லிக் கம்ப்யூட்டர் ஆளுக்கு எழுதியதும் நானே. அந்தப் பத்து நிமிஷமும் எல்லாரும் கூடத்தில் கேக் தின்றுகொண்டிருந்தார்கள். நானும்தான். இரண்டு துண்டு.

தயிரை ரொட்டித் தட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வீட்டில் பையைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

ஜெ. முழுவதும் கேட்டார். "சரி, நாளைக்கு வெள்ளன போ. முதல்ல கிரெக்கிட்ட சொல்லு, அப்புறம் இன்சூரன்சுக்குப் போன் அடி. இப்ப சாப்பிடு லா." இருபது வருஷமாக இங்கே பஸ் ஓட்டியும் ஊர் 'லா' போகாத மனுஷன். எதுவானாலும் அவருக்கு அடுத்த நிறுத்தம், அதற்கு அடுத்த நிறுத்தம்.

மார்ச் 17, செவ்வாய்

நல்ல வெயில்.

கிரெக்கிடம் சொன்னேன். கத்தவில்லை. அப்படிக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே என்றார், தன்னைத் தேற்றிக்கொள்கிற குரலில். இன்சூரன்ஸ் கம்பெனியோடு அவர் போட்ட ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து ஏழாம் பக்கத்தைக் காட்டினேன். வேலையை விட்டுப் போகிற ஒவ்வொருவருக்கும், இன்சூரன்ஸைச் சொந்தப் பொறுப்பில் தொடரலாம் என்பதை நிறுவனம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கீழே அவருடைய கையெழுத்து, பேனா கொஞ்சம் கசிந்து. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: இதனால் யாருக்கு அதிகம் அடி?

எனக்கு நேற்று முதலே தெரியும். சிவநேசன் அண்ணைக்கு.

துணி வெட்டும் மேஜையில் பதினேழு வருஷம் நின்றவர். யாழ்ப்பாணம், அறுபத்திரண்டு வயது. வலது முழங்கால் தேய்ந்துபோய் மே மாதம் மூட்டு மாற்ற நாள் குறித்திருந்தது. இன்சூரன்ஸ் சம்மதித்து வந்த தாளை நானேதான் அவர் கையில் கொடுத்தேன். அன்றைக்கு எல்லாருக்கும் லட்டு கொண்டுவந்தார்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் பேசிய பெண் இதமாகப் பேசினாள். விதிதான் இதமாக இல்லை. குறித்துக்கொண்டது:
– கடைசி வேலை நாளிலிருந்து முப்பது நாளுக்குள் படிவம் கொடுத்தால் அதே இன்சூரன்ஸ் தொடரும். பணம் இனி அவரவர் கையிலிருந்து. பழைய வியாதி பற்றிக் கேள்வி கிடையாது.
– முப்பது நாள் தாண்டினால் புது ஆள். ஏற்கெனவே இருக்கிற வியாதி எதற்கும் கிடையாது. முழங்காலும் அதில் சேர்த்தி.
– முப்பதாம் நாள் ஞாயிறு. ஆகவே 27, வெள்ளி, மாலை ஐந்து.
– கடிதம் தாமதமானதற்காக நாள் கூடுமா? கூடாது.

பத்து நாள். பதினெட்டுப் பேர். மத்தியானமே புதுக் கடிதம் அடித்து, கிரெக் பதினெட்டிலும் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை காகிதம். உறையில் போட்டு நாக்கால் ஒட்டி ஒட்டி வாயெல்லாம் பசை.

மார்ச் 18, புதன்

காலையிலிருந்து போன். பாதிப் பேருக்கு மேல் சொந்த நம்பர் கொடுத்திருந்தார்கள், கர்த்தருக்கு நன்றி. ஒருவர்கூடத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. இருவர் என்னைத் தேற்றினார்கள்.

மதியம் வரை பதினான்கு பேர். ஆறு பேருக்கு வேண்டாம், புது வேலையிலேயே இருக்கிறதாம். எட்டுப் பேருக்கு வேண்டும், ஆபீசுக்கு வந்து உறையை வாங்கிக்கொள்வார்கள். லூபேக்கு மட்டும் அவள் சலவை நிலையத்துக்கே போய்க் கொடுத்தேன். மேற்பார்வையாளரிடம் என்னை "என் பழைய ஆபீஸ்" என்று அறிமுகப்படுத்தினாள்.

சிவநேசன் அண்ணையின் நம்பர்: இந்த எண் உபயோகத்தில் இல்லை. பிறகுதான் பொறி தட்டியது. அது கம்பெனி கொடுத்த போன். கடைசி நாள் அதைத் திருப்பி வாங்கிப் பெட்டியில் வைத்ததும் நானே. அந்தப் பெட்டி இப்போதும் என் மேஜைக்குக் கீழே. எடுத்துப் பார்த்தேன். மூலையில் விபூதித் தூள் ஒட்டியிருந்தது.

ஷிப்ட் முடிந்து ஜெ. வந்ததும் மவுண்ட் ரோஸ்கில்லில் அவர் வீடு. காலி. ஜன்னலில் திரை இல்லை. பக்கத்து வீட்டு சோமாலியப் பெண்மணி வெளியே வந்து, மாதக் கடைசியில் போய்விட்டார்கள், மகன் வீட்டுக்கு, நகரின் மேற்கே ரானுயி என்று சொன்னதாக நினைவு என்றார். தெருப் பெயர் தெரியாது. போகும்போது தனக்குக் கறிவேப்பிலைச் செடி கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று காட்டினார். நன்றாகத் தழைத்திருக்கிறது.

மகன் பெயர் எனக்குத் தெரியாது. பதினோரு வருஷம் அவருக்குச் சம்பளம் போட்டிருக்கிறேன், மகன் பெயர் தெரியாது.

மார்ச் 20, வெள்ளி

மழை. வாசலில் ஒரு பை ஃபீஜோவாப் பழம், யார் வைத்தது என்று தெரியவில்லை. இந்த மாதத்தில் எல்லார் வீட்டு மரத்திலும் கொட்டும், யாரும் யாரிடமும் கேட்பதில்லை, தின்பதுதான்.

பாக்கி மூன்று பேர் கிடைத்தார்கள். இருவருக்கு வேண்டாம், ஒருவருக்கு நிச்சயமில்லை, யோசிக்கிறார். இனி ஒரே ஒரு உறை.

ரானுயியில் அந்தக் குடும்பப் பெயரில் போன் புத்தகத்தில் எதுவும் இல்லை. கோவிலில் கேட்கலாமா என்று ஜெ. சொன்னார். கோவில் அலுவலகத்தில் ஒரு தம்பி பொறுமையாகக் கேட்டுவிட்டு, சிவநேசன் என்ற பெயரில் பதினொரு பேர் இருக்கிறார்கள் அன்ரி என்றான்.

கிரெக் நாளை இங்குள்ள கோரமண்டல் கடற்கரைக்கு மீன்பிடிக்கப் போகிறார், புதன் திரும்புவார். ஒரு மாதத்துக்கு முன்பே ஏற்பாடாம். நிற்கட்டுமா என்று கேட்டார். கடிதங்களில் கையெழுத்து ஆகிவிட்டது, போங்கள் என்றேன். பெரிய மனசு எனக்கு.

கெட்டில் கேட்டேன். எடுத்துக்கொள் என்றார். ஒரு வேலை முடிந்தது.

பஸ்ஸில் பின்சீட்டில் இரண்டு பொண்ணுகள்: "வாடகையக் குடுத்துட்டுப் பாத்தா, மாசமே முடிஞ்சிருக்குடி."

மார்ச் 21, சனி

காலை எழும்போதே ஞாபகம் வந்தது: கிரிக்கெட்! சிவநேசன் அண்ணை சனிக்கிழமைகளில் தமிழ்ப் பையன்கள் அணிக்கு ஸ்கோர் எழுதுவார். திங்கள் தேநீர் நேரத்தில் யார் எத்தனை ஓட்டம் என்று அவர் வாயால் கேட்காத வாரம் கிடையாது. யாரும் கேட்காமலே சொல்வார்.

ஜெ.க்கு ஓய்வு நாள். பசியாறிவிட்டு ஒன்பதுக்குக் கிளம்பினோம். முதல் மைதானத்தில் நாய்ப் பயிற்சி. இரண்டாவதில் கிரிக்கெட், ஆனால் ஒரு தமிழ் முகம்கூட இல்லை. மூன்றாவது லின்ஃபீல்டில், எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷம். அங்கேதான் முதலில் போயிருக்க வேண்டும் என்று ஜெ. சொல்லவில்லை. முகம் சொன்னது.

ஸ்கோர் மேஜையில் அவர் இல்லை. தொப்பி போட்ட ஒரு அம்மா எழுதிக்கொண்டிருந்தார், தமிழ்நாட்டுக்காரர், நர்ஸாம். "ஆமாங்க, சிவநேசன் சார்தான் எங்க பசங்களுக்கு எழுதுவாரு. மூணு வாரமா காணோம். ரானுயில பையன் வீட்டுக்குப் போயிட்டாரு, அங்கேர்ந்து வர வண்டி இல்ல போல. கடைசியா வந்த அன்னிக்கு மழை, நான்தான் கொண்டுபோய் விட்டேன். ஸ்டேஷன் தாண்டி ரெண்டாவது தெரு, வாசல்ல நீலத் தண்ணித் தொட்டி இருக்கும்."

அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அதற்குள் ஒரு விக்கெட் போய்விட்டது, அவர் எழுதத் தவறிவிட்டார். பையன்கள் கத்தினார்கள்.

இன்றே போகலாம் என்றேன். போனோம். வீடு கிடைத்தது, நீலத் தொட்டி கிடைத்தது, ஆள் இல்லை. கடிதப் பெட்டியில் உறையைப் போட மனசு வரவில்லை. ஒருமுறை அப்படித்தானே போட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் நேரே ரானுயி. பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் தெரியாது.

காரேஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே பிங்பாங் மேஜை, அதன்மேல் விரித்த துணி, அண்ணை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தார். மகன் வீட்டு ஜன்னல்களுக்குத் திரை. பதினேழு வருஷம் நின்றுகொண்டு வெட்டியவர் உட்கார்ந்து வெட்டி இப்போதுதான் பார்க்கிறேன்.

"ரெஜினா தங்கச்சியே! வாங்கோ, வாங்கோ. இஞ்சை ஆர் உங்களுக்கு வழி சொன்னது?"

எழுந்திருக்க மேஜையை இரண்டு கையாலும் பிடித்தார். மூன்றாவது முயற்சியில் எழுந்தார். முகம் மட்டும் முழுக்கச் சிரிப்பு.

அவர் மனைவி மங்கை அக்கா தேநீரும் மீன் ரோல்ஸும் கொண்டுவந்தார். ஜெ. நாலு. தவக்காலம் என்று நான் கண்ணால் சொன்னேன். மீன்தானே என்று அவர் கண்ணால் சொன்னார்.

தேநீரைத் தொடாமல் முதலில் சொல்லிவிட்டேன். கடிதம் அனுப்பியது நான். மூடப்போகிற முகவரிக்கு அனுப்பியதும் நான். மன்னிக்க வேண்டும், அண்ணை.

சிரித்தார். "அந்தக் கம்ப்யூட்டரை நான் ஒருநாளும் திறந்ததில்லை, தங்கச்சி. நீங்கள் ஒரு மாதம் முந்தி அனுப்பியிருந்தாலும் அது அங்கைதான் கிடந்திருக்கும்."

நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜெ. ரோல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளினார்.

ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் இடி. தொழிற்சாலை மூடிய அடுத்த திங்கள் அவரே மருத்துவமனைக்குப் போன் போட்டு மே மாத ஆபரேஷனை ரத்து செய்துவிட்டாராம். ஏன்? "வேலை முடிஞ்சுது. பிறகும் கம்பெனிக் காசிலை காலைச் செய்யிறது சரியில்லைத்தானே. கிரெக்கும் பாவம்." நேர்மையாக ஒரு காரியம் செய்த நிம்மதி அவர் முகத்தில்.

மெதுவாக விளக்கினேன். இது கம்பெனியின் தயவு இல்லை. இனி நீங்கள்தான் கட்டப்போகிறீர்கள். பதினேழு வருஷம் உங்கள் பெயரில் ஓடிய இன்சூரன்ஸ், அதைத் தொடர்வது உங்கள் உரிமை, வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரைக்கும். அதற்குப் பிறகு இந்த முழங்காலை யாரும் எடுக்க மாட்டார்கள். கேட்டுக்கொண்டே கத்தரிக்கோலைத் துடைத்தார். மகன் வீட்டில் இருக்கிறோம், மாதாமாதம் இன்னொரு பாரம் அவனுக்கு எதற்கு, கோலை ஊன்றிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம் என்றார்.

மங்கை அக்கா தட்டைக் கீழே வைத்தார்.

"பாரம் எண்டால் என்னெண்டு நான் சொல்லட்டே? கதிரையிலையிருந்து உங்களைத் தூக்கி விடுறது ஆர்? குளிக்க வாக்கிறது ஆர்? எனக்கும் அறுபது. உந்தக் கால் கம்பெனிக்குச் சொந்தமில்லை, மகனுக்கும் சொந்தமில்லை. அரைவாசி எனக்குச் சொந்தம். என்னைக் கேளாமல் நீங்கள் எப்பிடி ரத்துச் செய்வியள்?"

அக்காவுக்கே தெரியாதாம்! ரத்து செய்ததை அண்ணை அவரிடம் சொல்லவேயில்லை. என் முன்னால்தான் கேள்விப்படுகிறார்.

ஜெ. கூட மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

அண்ணை கத்தரிக்கோலைத் துணிமேல் வைத்தார். பிறகு, "கண்ணாடியை எடுத்துத் தாரும்," என்றார், அக்காவைப் பார்க்காமல். ஆறு பக்கமும் படித்தார். ஒரு வரி விடவில்லை. நடுவில் இரண்டு சந்தேகம் கேட்டார், இரண்டும் நல்ல சந்தேகம். துணியில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுகிற அதே நிதானத்தோடு கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும்போது காரில் படிவத்தைப் பார்த்தேன். மூன்றாம் பகுதி, முதலாளி நிரப்ப வேண்டியது. கடைசி வேலை நாள் எது. எழுத்தில் அறிவித்த தேதி எது. கையெழுத்து.

முதலாளி கோரமண்டலில், போன் எடுக்காத இடத்தில்.

மார்ச் 25, புதன்

இரண்டு நாளாக நல்ல மழை. கிரெக்குக்குச் செய்தி: திங்கள் மூன்று, செவ்வாய் நாலு. பதில் இல்லை. யோசிக்கிறேன் என்றவரும் இன்று படிவம் கொடுத்தார், அவருக்கு வேண்டாமாம், மகள் சொல்லிவிட்டாளாம். "வேண்டாம்" என்று எழுதிக்கூட ஒரு படிவம் கொடுக்க வந்தார் பாவம், பஸ் ஏறி.

ஆக, வேண்டும் என்றவர்களின் படிவம் ஒன்பது. ஒன்பதிலும் மூன்றாம் பகுதி காலி. லூபேயின் படிவத்தில் மகள் மூலையில் ஒரு பூ வரைந்திருக்கிறாள். அழிக்கவில்லை.

மதியம் ஒரு மணிக்குக் கடைசியில் கிரெக்கின் செய்தி: மண் சரிந்து சாலை மூடல், சுற்று வழியில் நாளைதான்.

எட்டுப் பெட்டியையும் கிழித்து முடித்தேன். கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

மார்ச் 26, வியாழன்

மூன்று மணிக்கு கிரெக்கின் வண்டி. சக்கரமெல்லாம் சேறு, தாடி ஐந்து நாள், பின்னால் ஐஸ்பெட்டியில் ஸ்னாப்பர் மீன். கை கழுவிவிட்டு வரச் சொன்னேன். முதலாளியிடம் அப்படிச் சொல்லி இதுவே முதல் தடவை.

முதல் படிவத்தை எடுத்தார். எழுத்தில் அறிவித்த தேதி. பிப்ரவரி 27 என்று போட்டுவிடலாமா, ஈமெயில் அன்றைக்கு அனுப்பியது உண்மைதானே என்றார்.

ஒரு நிமிஷம் எனக்கும் சபலம். அப்படிப் போட்டால் என் தவறு எங்கேயும் பதிவாகாது. எல்லாம் சுத்தம். ஆனால் யாருக்கும் எட்டாததை அறிவிப்பு என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு யாராவது, உனக்குத்தான் பிப்ரவரியிலேயே சொன்னார்களே என்று சிவநேசன் அண்ணையைக் கேட்டால்? வேண்டாம், கையில் கொடுத்த தேதியையே போடுங்கள் என்றேன்.

சரி என்றார். ஒன்பதிலும் அவரவருக்குக் கொடுத்த தேதி. சிவநேசன் அண்ணையுடையதில் தேதிக்குப் பக்கத்தில் இடம் இல்லாததால் ஓரத்தில் ஒரு வரி எழுதினார்: அறிவிப்பு தாமதமானது நிறுவனத்தின் தவறு, ஊழியரின் தவறு அல்ல. பிறகு மற்ற எட்டிலும் அதே வரி, தன் கையால்.

என் தவறு என்றேன். நான் கையெழுத்துப் போட்ட ஏழாம் பக்கத்தை நான் படித்திருக்க வேண்டும் என்றார். அவ்வளவுதான். மீன் எத்தனை வேண்டும் என்று கேட்டார்.

இரண்டு. மஞ்சள் போட்டுப் பொரித்தேன். ஜெ. வாலைக்கூட விடவில்லை.

மார்ச் 27, வெள்ளி

வேலையின் கடைசி நாள். மேகம், மழை இல்லை.

தபாலை நம்பவில்லை, ஈமெயிலை அறவே நம்பவில்லை. ஒன்பது படிவத்தையும் நானே நகரத்துக்குக் கொண்டுபோனேன். ஜெ.யின் பத்து மணி பஸ்ஸில். ஏறும்போது பஸ் கார்டைத் தட்டினேன், தெரியாத ஆள் மாதிரித் தலையசைத்தார். முன்சீட்டில் உட்கார்ந்து படிவங்களை மடியில் வைத்துக்கொண்டேன். இறங்கும்போது மட்டும் மெதுவாக, "வரிசையில நின்னு முத்திரை வாங்காம வராதே."

வாங்கினேன். ஒவ்வொன்றிலும் "பெறப்பட்டது", தேதி, நேரம். 11.05. ஒன்பது தடவை அந்த முத்திரை விழுகிற சத்தம். எனக்குச் சங்கீதம். கவுண்டரில் இருந்த பையன் ஓரத்து வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான், மறுபடி குனிந்து குத்தினான்.

ஆபீசுக்குத் திரும்பியபோது கிரெக் கூடத்தின் நடுவில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார். ஒரு உறையை நீட்டினார். எனக்கான அறிவிப்பு: ரெஜினா, உன் கடைசி நாள் இன்று, உன் இன்சூரன்ஸையும் நீ தொடரலாம், முப்பது நாள் இருக்கிறது. கையால் எழுதி, ஒரு இடத்தில் அடித்துத் திருத்தி. இங்கேயே படி, நான் பார்க்க வேண்டும் என்றார். படித்தேன். படித்துவிட்டேன் என்று சொல்லு என்றார். சொன்னேன்.

எனக்கு அறிவிப்பு வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. இத்தனைக்கும் ஜெ.யின் ரத்த அழுத்தம் என் இன்சூரன்ஸில்தான்.

விளக்கை அவர் அணைத்தார். கதவை நான் பூட்டினேன்.

ஏப்ரல் 2, வியாழன்

நாளை பெரிய வெள்ளி. வீடு துடைத்தேன். வேலைக்குப் போகாத முதல் வாரத்தில் இவ்வளவு தூசி எங்கிருந்து வந்தது?

காலை ஏழரைக்கு ஒரு புது நம்பர். சிவநேசன் அண்ணை. மகன் போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான். வணக்கம் சொல்லாமல் ஒரு கடிதத்தை முழுக்க ஆங்கிலத்தில் படித்தார், முகவரியிலிருந்து. நான் இட்லி மாவுக் கரண்டியோடு நின்றுகொண்டே கேட்டேன். இன்சூரன்ஸ் தொடர்கிறது. இடைவெளி இல்லாமல். முழங்காலுக்குக் கொடுத்த சம்மதம் அப்படியே செல்லும்.

"விளங்கினது சரியோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்," என்றார்.

சரி என்றேன். பின்னால் மங்கை அக்கா ஏதோ கேட்டார். "ஓம், ஓம், சரியாம்," என்று அவரிடம் சொல்வது கேட்டது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் போனை வைக்க மறந்துவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நானே வைத்தேன்.

பத்து மணிக்குள் மற்ற எட்டுப் பேருக்கும் போன் அடித்துவிட்டேன். எட்டுப் பேருக்கும் கடிதம் வந்திருக்கிறது. மகளின் காதுக்கு ஜூனில் நாள் என்று லூபே போனிலேயே பாட ஆரம்பித்துவிட்டாள்.

ஏப்ரல் 9, வியாழன்

நேரம் மாற்றியாயிற்று, ஆறு மணிக்கே இருட்டு. மைக்ரோவேவ் கடிகாரம் மட்டும் இன்னும் பழைய நேரம், எப்படி மாற்றுவது என்று இருவருக்கும் தெரியாது.

அண்ணைக்கு மே மாத இடம் போய்விட்டதாம், அவர் ரத்து செய்ததை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட்தான் என்றார்களாம். அக்கா தினமும் காலை மருத்துவமனைக்குப் போன் அடித்து, யாராவது வரவில்லையா என்று கேட்கிறார். இன்றைக்கு மூன்றாவது நாள். ஒருவர் பின்வாங்கிவிட்டார். ஏப்ரல் 22, புதன்!

ஏப்ரல் 14, செவ்வாய்

நேர்காணல், ஒரு மழலையர் பள்ளிச் சம்பள வேலை, வாரம் மூன்று நாள். உங்கள் பெரிய தவறு ஒன்று சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன். இருபது நிமிஷம் ஆனது. மூவரில் ஒருத்தி கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அப்புறம் அவர் கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டாள்.

பதில் அடுத்த வாரம்.

ஏப்ரல் 20, திங்கள்

அண்ணையின் போன். வானிலை பற்றி, ஃபீஜோவா பற்றி, மகன் வீட்டுத் திரை முடிந்ததைப் பற்றி. பிறகு, "தங்கச்சி, பயம் ஒண்டும் இல்லை. சும்மாதான் கேக்கிறன். புதன்கிழமை உங்களுக்கு ஏதும் அலுவல் இருக்கோ?"

இல்லை என்றேன். மகனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, அக்கா தனியாக இருப்பார் என்றார். அக்காவுக்காகக் கேட்கிறாராம்.

ஏப்ரல் 22, புதன்

மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் எழுதுகிறேன். வெளியே பளிச்சென்று வெயில். ஜெ. ஷிப்ட் மாற்றிக்கொண்டு எங்கள் நாலு பேரையும் ஆறரைக்கே கொண்டுவந்து விட்டார். நாலு பேர் என்றால் அண்ணை, அக்கா, நான், அக்காவின் சாப்பாட்டுக் கூடை.

உள்ளே கொண்டுபோகும்போது அண்ணை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "எல்லாத் தாளும் வாசிச்சுத்தான் கையெழுத்து வைச்சனான்," என்றார்.

8.10. அக்கா தேவாரம் முணுமுணுக்கிறார். நான் என் ஜெபம். நடுவில் ஒரு வெள்ளைக்காரக் கிவி தாத்தா குறுக்கெழுத்து.

8.45. மழலையர் பள்ளியிலிருந்து செய்தி. வேலை எனக்கு. மே மாதம் தொடக்கம். அக்காவிடம் சொன்னேன். கூடையைத் திறந்து ஒரு ரோல்ஸ் எடுத்து என் வாயில் திணித்தார். தாத்தாவுக்கும் ஒன்று.

9.30. ஒன்றும் இல்லை. அக்கா முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார். என் புடவை நுனியைப் பிடித்திருக்கிறார், பிடித்திருப்பது அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

10.20. நர்ஸ் வந்தாள். நல்லபடியாக முடிந்தது, விழித்துவிட்டார், தேநீர் கேட்கிறார், இப்போது ஒருவர் உள்ளே வரலாம் என்றாள். அக்கா எழுந்தார், உட்கார்ந்தார், கைப்பையைத் திறந்து சீப்பைத் தேடினார். "கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ. இந்தத் தலையோடை அவர் என்னைப் பாக்கக் கூடாது." நர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், சிரிக்கிறாள். சீப்பு கிடைக்கவில்லை. என் பையில் ஒன்று இருக்கிறது, எடுத்துக் கொடுக்கிறேன்.